ஒரே பாட்டு, இரண்டு ஆப், இரண்டு விதமான சத்தம்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

இணையத்தில் பாட்டு கேட்கும் ஆப்களில் ஆப்பிள் மியூசிக் நல்லதா, டைடலா, கோபஸா, அமேசானா, இப்போது ஸ்பாட்டிஃபையும் லாஸ்லெஸ் தருகிறதே அது எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அதுவும் அடித்துச் சொல்வார்கள். லாஸ்லெஸ் என்றால் என்ன? இசை நிறுவனம் கொடுத்த கோப்பைச் சுருக்கி அனுப்பி, இந்தப் பக்கம் ஒரு பிட் கூடக் குறையாமல் பழையபடி விரிப்பது. ஆப்பிள் அலாக் என்ற முறையில் சுருக்குகிறது, மற்ற நான்கும் ஃப்ளாக். விரித்த பிறகு இரண்டும் ஒன்றேதான். அப்புறம் ஏன் ஓர் ஆப்பில் பாட்டு இனிக்கிறது, இன்னொன்றில் சப்பென்று கிடக்கிறது? நடுவில் ஏதோ ஒன்று கை வைத்திருக்கிறது. அது எது என்பதை, என்ன மாதிரி வித்தியாசம் கேட்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

பழைய ஒப்பீடுகளைப் படித்துவிட்டு வந்திருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். ஆப்பிள் லாஸ்லெஸ் கொடுக்க ஆரம்பித்தது 2021 ஜூனில். டைடல் 2024 ஜூலை வரை தன் ஹை-ரெஸ் (சிடியை விட நுணுக்கமான தரம்) பாட்டுகளில் பலவற்றை எம்க்யூஏ என்ற வடிவத்தில் தந்தது, அது சுத்தமான லாஸ்லெஸ் கிடையாது. இப்போது எல்லாம் ஃப்ளாக். ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பர் வரை வினாடிக்கு 320 கிலோபிட் ஆக் வோர்பிஸ் என்ற, இழப்போடு சுருக்கும் முறைதான், இப்போதும் அதன் லாஸ்லெஸ் 24 பிட் (ஒவ்வோர் அளவின் நுணுக்கம்), 44.1 கிலோஹெர்ட்ஸோடு (வினாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளந்திருக்கிறது என்ற வேகம்) நின்றுவிடும், மற்றவை 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 2020-இல் ஒருவர் எழுதிய தீர்ப்பு அன்றைக்குச் சரியாக இருந்திருக்கலாம், இன்றைக்கு அதை வைத்துச் சந்தா கட்ட வேண்டாம்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம். கீழே உள்ளதை வரிசையாகவே பாருங்கள், முதல் ஒன்றைச் சரிபார்க்காமல் நாலாவதுக்குத் தாவினால் நேரம்தான் வீண்.

"ஒன்றில் பாஸ் நிறைவாக இருக்கிறது, குரல் பளிச்சென்று வருகிறது, மற்றதில் உயிரே இல்லை"

இது கிட்டத்தட்ட எப்போதும் வால்யூம் வித்தியாசம்தான். ஒரு டெசிபல் கூடினால் "சத்தம் அதிகம்" என்று மூளை சொல்லாது, "தெளிவாக இருக்கிறது, பாஸ் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். சத்தம் குறையக் குறையக் காது முதலில் தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் விட்டுவிடுகிறது, நடுவில் உள்ளது மட்டும் மிஞ்சுகிறது. 1930களிலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. ஹெட்போன் விற்கும் கடையில் விலை கூடிய மாடலைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் காட்டுவதும் இந்த நம்பிக்கையில்தான்.

ஆப்களுக்குள் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எல்லாப் பாட்டும் ஒரே அளவு சத்தத்தில் கேட்க வேண்டும் என்று பெரும்பாலான ஆப்கள் தானாகவே வால்யூமை ஏற்றி இறக்குகின்றன. ஸ்பாட்டிஃபை அதை மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்துக்கான அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல்) என்ற அளவுக்கும், ஆப்பிள் மைனஸ் 16-க்கும் கொண்டுபோகிறது. அதாவது வேறு எதையும் தொடாமலே ஸ்பாட்டிஃபை சுமார் 2 டெசிபல் கூடுதல். ஸ்பாட்டிஃபையில் "லவுட்" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் மைனஸ் 11, அப்போது சத்தம் வெடிக்காமல் இருக்க உச்சங்களை லிமிட்டர் வைத்து அமுக்கவும் செய்யும். அந்த நிலையில் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது லிமிட்டரை, பாட்டை அல்ல.

செய்ய வேண்டியது: ஆப்பிளில் சவுண்ட் செக், ஸ்பாட்டிஃபை, டைடல், அமேசானில் நார்மலைசேஷன் என்ற பெயரில் இருப்பது, எல்லாவற்றையும் அணையுங்கள். கூடவே ஈக்வலைசர், கிராஸ்ஃபேட், போன் கம்பெனி தானாகப் போட்டுத் தரும் டால்பி, "சவுண்ட் பூஸ்டர்" வகையறாக்கள், எல்லாம் போகட்டும். விண்டோஸில் ஒலிக் கருவியின் பண்புகளுக்குள் போய் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸையும் அணையுங்கள், லேப்டாப் கம்பெனிகள் அதற்குள் என்னென்னவோ வைத்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகும் இரண்டும் ஒரே அளவா என்று காதை நம்பிச் சொல்லாதீர்கள், 0.2 டெசிபலுக்குள் பொருத்த வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், வீட்டில் இருக்கும் மல்டிமீட்டர் போதும். எல்லா ஆப்பிலும் "டெஸ்ட் டோன்" என்று தேடினால் ஒரே ஸ்வரத்தை நீட்டி ஒலிக்கும் டிராக்குகள் கிடைக்கும், ஒரே வெளியீட்டை இரண்டிலும் தேடி எடுங்கள். 100 ஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த டோனாகப் பாருங்கள், விலை குறைந்த மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் சரியாகக் காட்டும், 1000 ஹெர்ட்ஸ் போட்டால் கண்டதைச் சொல்லும். பழைய இயர்போன் வயரிலிருந்து ஜாக்கை வெட்டி எடுத்து, இடது சேனல் கம்பியிலும் பொதுக் கம்பியிலும் மீட்டரின் முனைகளை வைத்து, ஏசி வோல்ட்டில் படியுங்கள். ஓர் ஆப்பில் 0.500 வோல்ட், மற்றதில் 0.511 என்றால் வித்தியாசம் 0.2 டெசிபலுக்குக் கொஞ்சம் கீழே, பரவாயில்லை. 0.56 என்று வந்தால் ஒரு டெசிபல், அது ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"குரல் எங்கோ பின்னால் போய்விட்டது, வாத்தியங்கள் தலையைச் சுற்றிக் கேட்கின்றன, மொத்தச் சத்தமும் கம்மி"

ஒலியைச் சுற்றிலும் பரப்பித் தரும் டால்பி அட்மாஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இது வேறு தரம் அல்ல, வேறு கலவை; வேறொருவர் வேறொரு நாளில் உட்கார்ந்து செய்ததாகக்கூட இருக்கும். சத்தம் குறைவதற்கும் காரணம் உண்டு, அட்மாஸ் கலவைகள் மைனஸ் 18 லஃப்ஸைத் தாண்டக் கூடாது என்று விதி. தவிர ஆப்பிள் மியூசிக்கில் அட்மாஸ் லாஸ்லெஸும் அல்ல, 768 கிலோபிட்டில் சுருக்கப்பட்டது. மியூசிக் செட்டிங்ஸில் டால்பி அட்மாஸ் "ஆட்டோமேட்டிக்" என்று இருந்தால், ஏர்பாட்ஸ் மாட்டியதும் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஆஃப்" போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். அமேசானிலும் டைடலிலும் அதே கதைதான்.

"அதே பாட்டு, அதே பாடகர், ஆனால் ஒன்றில் சுருதி லேசாக ஏறியிருக்கிறது, அல்லது கரகரப்பு, அல்லது மேல் ஒலிகளே காணோம்"

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. எழுபது, எண்பதுகளின் படப் பாடல்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல. ஒரு பதிப்பு ஸ்டூடியோ டேப்பிலிருந்து எடுத்தது, ஒன்று எல்பி இசைத்தட்டிலிருந்து, ஒன்று தொண்ணூறுகளில் யாரோ சிடிக்காகச் செய்தது, ஒன்று கேசட்டிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கும். ஒரே படத்தின் பாட்டுகள் "சூப்பர் ஹிட்ஸ்" தொகுப்பு ஒன்றில் ஒரு மாதிரியும், படத்தின் பெயரிலேயே உள்ள ஆல்பத்தில் வேறு மாதிரியும் இருப்பது சாதாரணம். ஓர் ஆப்பின் தேடல் முதலில் தொகுப்பைக் காட்டும், இன்னொன்று படத்தைக் காட்டும். அவ்வளவுதான், "இந்த ஆப்பில் ராஜா பாட்டு நன்றாகவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

கண்டுபிடிக்கும் வழி: ஆல்பம் பக்கத்தின் கடைசிக்கு உருட்டிப் போனால் வட்டத்துக்குள் ஒரு பி எழுத்து, பக்கத்தில் ஆண்டு, உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர். இரண்டு ஆப்பிலும் அந்த வரி வேறுவேறாக இருந்தால் ஒப்பீட்டை அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து நேரம். டேப்போ தட்டோ கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் பாட்டும் சுருங்கும், சுருதியும் ஏறும். ஒன்றில் 4 நிமிடம் 32 வினாடி, மற்றதில் 4 நிமிடம் 27 என்றால், ஏறக்குறைய ஒரு அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு சுருதி வித்தியாசம் இருக்க வாய்ப்பு உண்டு. ஹார்மோனியம் வைத்துப் பார்த்தால் உடனே குத்தும். கடைசியில் வரும் வெற்று நேரமும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் முதல் தாளத் தட்டிலிருந்து கடைசித் தாளத் தட்டு வரைக்கும் அளந்து பாருங்கள்.

இசைத்தட்டிலிருந்து எடுத்ததா என்று தெரிய, பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அரை வினாடியை ஹெட்போனில் சத்தமாகக் கேளுங்கள், மெல்லிய சடசடப்பு இருந்தால் தட்டு. (பாட்டு ஆரம்பிக்கும் முன் வால்யூமைக் குறைக்க மறக்காதீர்கள்.) அது சுத்தமாக இருந்தும் ஜால்ராவும் ஹை-ஹாட்டும் போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கிக் கேட்டால், இரைச்சலை நீக்குகிறேன் என்று மேல் ஒலிகளையும் சேர்த்து வழித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சடசடப்போடு இருப்பதையே எடுத்துக்கொள்வேன்.

இதில் ஹை-ரெஸ் முத்திரை ஏமாற்றுவதும் உண்டு. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது பழைய சிடிக் கோப்பைப் பெரிதாக்கியது. அரை லிட்டர் பாலை ஐந்து லிட்டர் கேனில் ஊற்றினாலும் அரை லிட்டர்தான். பணம் கொடுத்துத் தரவிறக்கிய கோப்பு இருந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். 96 கோப்பில் ஒலி 22 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நின்றால் அது 44.1-இல் இருந்து வந்தது. 16-இலேயே நின்றால் எப்போதோ எம்பி3-ஆக இருந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், பழைய டேப்பிலேயே அதற்கு மேல் ஒன்றும் பதிவாகாமலும் இருந்திருக்கும்.

"ஆப்பில் 24/192 என்று எழுதியிருக்கிறது, டாக்கில் 48-க்கான விளக்குதான் எரிகிறது"

டாக் என்பது எண்களை ஒலியாக மாற்றும் பெட்டி அல்லது டாங்கிள். ஆப் சொல்வது தனக்கு வந்த கோப்பை, டாக் சொல்வது தன்னிடம் வந்து சேர்ந்ததை. நடுவில் இயங்குதளம் எல்லா ஆப்களின் ஒலியையும் ஒன்றாகக் கலக்கி ஒரே வேகத்துக்கு (ஒரே கிலோஹெர்ட்ஸ் எண்ணுக்கு) மாற்றி அனுப்புகிறது. அமேசான் ஆப் இதில் நல்ல காரியம் செய்கிறது: அல்ட்ரா ஹெச்டி என்ற முத்திரையைத் தொட்டால் பாட்டின் தரம், கருவியின் திறன், இப்போது ஓடும் தரம் என மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். மூன்றாவது வரியை மட்டும் நம்புங்கள்.

ஐபோனில் தொல்லை குறைவு, யூஎஸ்பி டாக் மாட்டினால் பாட்டுக்கேற்ற வேகத்தில் அனுப்பிவிடும். ஆனால் ஆப்பிளின் சின்ன ஹெட்போன் டாங்கிளே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான், அதை வைத்துக்கொண்டு 192 தேட வேண்டாம். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பைத் திறந்து வைத்துப் பாருங்கள், பாட்டு மாறும்போது அங்கே எண் மாறாவிட்டால் நீங்கள்தான் கையால் மாற்ற வேண்டும். விண்டோஸில் டைடல், கோபஸ், அமேசான் ஆப்களில் எக்ஸ்க்ளூசிவ் மோட் இருக்கிறது, போட்டால் கலக்கும் வேலை நடக்காது, நேராக டாக்குக்குப் போகும். பிரவுசரில் கேட்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை, ஆப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டுதான் கொஞ்சம் சிக்கல். பெரும்பாலான போன்கள் எல்லாவற்றையும் 48-க்கு மாற்றித்தான் அனுப்பும். ஆண்ட்ராய்டு 14-இல் மாற்றாமல் அனுப்ப வழி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் போனும் ஆப்பும் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ என்ற ஆப் தன் சொந்த டிரைவரால் இதைத் தாண்டிப் போகிறது, டைடலும் கோபஸும் அதற்குள்ளேயே ஓடும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: 44.1-ஐ 48 ஆக மாற்றுவதால் பாட்டு பாழாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஒழுங்காகச் செய்தால் காதுக்குத் தெரிவது அபூர்வம். ஒரு பக்கம் மாற்றாமலும் மறுபக்கம் மாற்றியும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடாதீர்கள், அவ்வளவே.

"ஹை-ரெஸ் போட்டும் ப்ளூடூத் ஹெட்செட்டில் ஒரு மாற்றமும் இல்லை"

இருக்காது. சிடி தரமே சுருக்காமல் வினாடிக்கு 1411 கிலோபிட். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஒன்றான எல்டாக் அதிகபட்சம் 990, அதுவும் சிக்னல் நன்றாக இருந்தால்; கூட்டமான இடத்தில் 660, 330 என்று இறங்கிவிடும். ஆப்டெக்ஸ் ஹெச்டி 576. ஐபோனில் எல்டாக்கே கிடையாது, ஏஏசிதான். எல்டாக் 990-இல் நன்றாகவே இருக்கும், குறை சொல்ல மாட்டேன், ஆனால் எந்த ஆப்பிலிருந்து வந்தாலும் மறுபடியும் இழப்போடு சுருக்கித்தான் காதுக்கு வருகிறது. ஒப்பீடு செய்வதென்றால் வயர் மாட்டுங்கள்.

"வீட்டில் நன்றாக இருந்தது, பஸ்ஸில் அதே பாட்டு மந்தமாக இருக்கிறது"

பஸ் இரைச்சலைக் கழித்துவிட்டும் அப்படித் தோன்றினால், வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தரவிறக்கத்துக்கும் தனித்தனி செட்டிங் இருப்பதைப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒவ்வொரு கருவியிலும் லாஸ்லெஸைத் தனியாகப் போட வேண்டும். முன்பே தரவிறக்கி வைத்த பாட்டுகளும் தானாக உயராது, அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். டேட்டா கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆப்பிள் சொல்வதன்படி 3 நிமிடப் பாட்டு சாதாரண தரத்தில் 6 எம்பி, லாஸ்லெஸில் 36, 192-இல் 145. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் பேக்கில் 192 கேட்டால் பத்துப் பாட்டோடு கடை மூடிவிடும்.

"டாங்கிள் மாட்டினால் சத்தமே போதவில்லை"

ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு போனில் மாட்டியிருப்பீர்கள். பல போன்கள் டாங்கிளுக்குள் இருக்கும் வால்யூமை முழுதாக ஏற்றுவதில்லை, வெளியே பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே பாதியில் நிற்கும். வேறு டாங்கிள் வாங்குங்கள், அல்லது மேலே சொன்ன பிளேயர் ஆப்பில் கேளுங்கள். இதே டாங்கிளில் ஐபோனையும் ஆண்ட்ராய்டையும் வைத்து இரண்டு ஆப்களை ஒப்பிட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லவே வேண்டாம்.

"பாட்டின் முதல் எழுத்தே வெட்டுப்படுகிறது, நடுவில் டிக் டிக் என்று வெடிக்கிறது"

முதல் எழுத்து வெட்டுப்பட்டால் டாக் 44.1-இலிருந்து 96-க்கு மாறிக்கொண்டிருக்கிறது, அந்த நொடியில் ஒலி வராது. கலந்துகட்டிய ப்ளேலிஸ்டில்தான் இது நடக்கும், ஒரே ஆல்பத்தில் நடக்காது. நடுவில் வெடித்தால் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி நேராகக் கணினியில் மாட்டுங்கள், வயரை மாற்றிப் பாருங்கள், பிறகு பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) அளவைக் கூட்டுங்கள். எக்ஸ்க்ளூசிவ் மோட் போட்ட பிறகு யூடியூபில் சத்தமே வரவில்லை என்றால் அது கோளாறு அல்ல, டாக்கை ஒருவர் பிடித்து வைத்திருக்கும்போது மற்றவருக்கு இடமில்லை.

"எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது, ஆனாலும் வித்தியாசம் கேட்கிறது"

இருக்கலாம், சரிபார்க்க இரண்டு வழி. முதல் வழி காதுக்கு. உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து, திரையை உங்களுக்குக் காட்டாமல், பத்துப் பதினைந்து வினாடித் துண்டை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது வரும் என்பதை நாணயம் சுண்டி அவர் முடிவு செய்யட்டும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் கீழே. 9, 10 சரி என்பது ஒன்றையும் நிரூபிக்காது. நீண்ட நேரம் ஒன்றைக் கேட்டுவிட்டு அப்புறம் மற்றதைக் கேட்பது வேலைக்கு ஆகாது, ஒலியின் நுணுக்கம் நினைவில் சில வினாடிகளுக்கு மேல் தங்காது.

ஹை-ரெஸுக்கும் சிடி தரத்துக்கும் வித்தியாசம் கேட்குமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மேயரும் மோரனும் 2007-இல் செய்த சோதனையில் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜோஷுவா ரீஸ் 2016-இல் பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சரியான பதில்கள் 52 சதவீதத்தைச் சொச்சம் தாண்டின. தற்செயலை விடக் கூடுதல்தான், ஆனால் மயிரிழை. ஆக, "இரண்டு ஆப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்று யாராவது சொன்னால், மேலே முதல் மூன்று அறிகுறிகளுக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி கணினிக்கு. விண்டோஸில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளை வாசாபி லூப்பேக்கில் வைத்தால் கணினிக்குள் ஓடும் ஒலியை அப்படியே பிடிக்கும். விண்டோஸ் ஒலி வேகத்தைப் பாட்டின் வேகத்துக்கே வையுங்கள், எல்லா வால்யூமும் நூறில், எக்ஸ்க்ளூசிவ் மோட் மட்டும் அணைந்திருக்கட்டும், இல்லையென்றால் ஒன்றும் பதிவாகாது. இரண்டு ஆப்பிலிருந்தும் அதே அரை நிமிடத்தைப் பிடித்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கி ஒரு புள்ளி கூட விலகாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, ஒன்றை இன்வர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் ஒன்றாக ஓட்டுங்கள். ஒரே மாஸ்டர் (இசை நிறுவனம் கொடுத்த மூலக் கோப்பு) என்றால் ஒன்றையொன்று அழித்துக் கிட்டத்தட்ட மௌனம்தான் மிஞ்சும். பாட்டு முழுதும் லேசாகக் கேட்டால் வால்யூம் பொருந்தவில்லை, பாட்டு விசித்திரமாக எதிரொலித்தால் மாஸ்டரே வேறு.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை"

இதைச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. நீங்கள் அடிக்கடி கேட்கும் இருபது ஆல்பங்களை எழுதிக்கொண்டு, இலவச மாதத்தில் ஒவ்வோர் ஆப்பிலும் தேடுங்கள். எதில் அவை இருக்கின்றன, எதில் நல்ல பதிப்பாக இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு அதற்கே பணம் கட்டுங்கள், மிச்சத்துக்கு ஒரு நல்ல ஹெட்போன் பாருங்கள்.